அம்மனுக்கு எதற்கு இத்தனை டிவி

வீட்டு வாசலுக்கே வந்து உதவி செய்கிறோம் என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் வருவது நன்றி அல்ல, சந்தேகம்தான். கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது கூடப் பிறந்த வியாதி.

விலைவாசி எகிறிய நேரம். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த என் அக்கா செல்வி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் மயங்கி விழுந்தாள். வீட்டில் ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான். அப்போதுதான், கர்ப்பிணிகளுக்கு உலர் உணவு கொடுக்க ஓர் அதிகாரியம்மா எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்து பதிவார் என்று செய்தி வந்தது. நுவரெலியாவுக்கு அலைய வேண்டாம், சிங்களப் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

"அவ்வளவு லேசா குடுத்துருவாங்களா? போன தடவ டிவி இருக்குன்னுதானே நிவாரணப் பட்டியல்ல நம்ம பேர வெட்டுனாங்க" என்று லயம் முழுக்கப் பிரச்சாரம் செய்தேன். (உயர்தரப் பரீட்சை எழுதியவன் என்ற மரியாதை எனக்கு இருந்தது. பாஸானேனா என்று யாரும் கேட்கவில்லை.) அவர் வருவதற்குள் எல்லா வீட்டு டிவியும் மாரியம்மன் கோயில் சாமான் அறைக்குள் போய்விட்டது. எங்களுடையதை அம்மன் சேலையால் நானே போர்த்தினேன்.

அதிகாரியம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. "பிள்ளைத்தாச்சியள் நனையக் கூடாது, கோயில் மண்டபத்தில இருந்து பதிவம்" என்றார்.

நான் வழியை மறித்தேன். "அங்க பாம்பு இருக்குங்க மேடம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேராகக் கோயிலுக்குப் போய், உட்கார வாங்குப் பலகை எடுக்கச் சாமான் அறையைத் திறந்தார்.

"தம்பி, இதெல்லாம் ஆருடையது?"

"அம்மனோடதுங்க."

"இவ்வளவு டிவியுமோ?"

பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "டேய், நம்ம டிவி மேல ஒழுகுதுடா. தள்ளி வை."

அக்கா சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்தமுறை சாமான் ஒண்டும் பாக்கிறேல்லை, தம்பி. வயித்தில பிள்ளை இருந்தாப் போதும்" என்று அக்காவை முதல் ஆளாக உட்காரவைத்தார்.

அரிசியும் பருப்பும் ஒழுங்காக வந்தன. (முதல் பொதியில் புழு இருக்கும் என்று துழாவிப் பார்த்தேன். இல்லை.) மற்ற வீட்டு டிவிகள் பிழைத்துக்கொண்டன. எங்களுடையது மட்டும் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு வயிற்றில் இருந்த அக்கா மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். பையோடு யாராவது புது ஆள் லயத்துப் பக்கம் வந்தால் போதும், உள்ளே திரும்பி எனக்குத் தகவல் சொல்வாள்: "மாமா, அம்மனுக்கு டிவி வேணுமாம்."