நாற்காலி போட்ட எடை

அன்புள்ள தம்பிக்கு, மூன்று மாதம் அரைவயிற்றோடு கிடந்த உன் அக்கா எழுதுவது. நான் நலமில்லை. உன் நலம் அறிய இந்த முறை ஆவலும் இல்லை. ஆனாலும் மூத்தவள் மரியாதை தவறக்கூடாது என்பதால் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு எடை பார்க்கும் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். "நான் அங்கே இல்லை" என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது. மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா. தராசுக்குப் பக்கத்தில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண். கையில் பேனாவோடு என் மகன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் பையை மடியில் வைத்துக்கொண்டு மருமகள். வாசலோரம் தரை துடைக்கிற அம்மா. ஜன்னல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நீ. நடுவில், நீ முந்தின வாரம் கொண்டுவந்து கொடுத்த புது சக்கர நாற்காலியில் நான்.

சர்க்கரை வியாதியில் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். யார் தோளையும் பிடிக்காமல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எழுபது கிலோவுக்கு இறங்கினால் செயற்கைக் கால் மாட்டி நடக்க விடுகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நானும் எழுபத்தொன்று வரை இறங்கிவிட்டேன், காலுக்கு அளவும் எடுத்துவிட்டார்கள். என்னைப் போல நிற்க முடியாதவர்களை நாற்காலியோடு தராசில் ஏற்றி, வருகிற எடையில் நாற்காலியைக் கழிப்பார்கள், மிச்சம்தான் ஆள். நாற்காலி பதினாலு கிலோ என்று முதல் நாளே என் அட்டையில் எழுதியாயிற்று. அன்றைக்குத் தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. என் மகன் பதினாலைக் கழித்தான். விடை எழுபத்தேழு. கழித்ததில் தப்பே இல்லை, நூற்றுக்கு நூறு போடலாம்.

ஒரே மாதத்தில் ஆறு கிலோ. உடற்பயிற்சிப் பெண் குனிந்து என் காதோரம், "பாட்டி, மறைக்காம சொல்லுங்க, பிஸ்கட்டா?" என்றாள். மருமகள், "மேல்தட்டு டப்பாவெல்லாம் குறையுதேன்னு நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். ஒற்றைக் காலோடு நான் மேல்தட்டுக்கு ஏறித் திருடினேனாம். நான் சத்தியம் செய்ய வாயைத் திறக்குமுன் நீ சிரித்துக்கொண்டே என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அக்காவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பூர்வ ஜென்ம பந்தம்." டாக்டரம்மாகூடச் சிரித்தார்.

அன்றோடு என் சாப்பாடு பாதியானது. அலமாரிக்குப் பூட்டு வந்தது. மகன் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தான், பரீட்சையில் பிட் பிடிக்கிறவன் மாதிரி. நான் பசியில் நாற்காலிக் கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு நூலைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கையை ஊன்றிக் கட்டிலுக்கு மாறிக்கொண்டிருந்தவள் நான், அந்தத் தெம்பும் போனது. அதற்கும் "சோம்பேறித்தனம்" என்று பேர் வைத்தார்கள்.

போன வாரம் ஒருவழியாக எழுபது வந்தது. செயற்கைக் காலை எடுத்து வந்து மாட்டினார்கள். அது என் மொட்டைக்காலில் கிணற்று வாளி மாதிரி ஆடியது. "எடை ஒரு கிலோதானே குறைஞ்சிருக்கு, கால் ஏன் இப்படிச் சூம்பிப்போச்சு?" என்று படித்தவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தரை துடைக்கிற அம்மாதான் வாசலில் இருந்து, "இந்த நாற்காலி பழசு மாதிரி இல்லீங்களே. அதை ஒரு கையால தள்ளி வெச்சுத் துடைப்பேன், இது இடுப்பை ஒடிக்குது" என்றாள். வெறும் நாற்காலியைத் தராசில் ஏற்றினார்கள். இருபத்தொன்று. எடை போட்டது நாற்காலி, பட்டினி கிடந்தது நான். என் எடை அறுபத்துமூன்றாம்.

"சின்னத் தவறு நடந்துபோச்சு பாட்டி" என்றார் டாக்டரம்மா. "சின்னதான்னு நீங்க ஒருதரம் தூக்கிப் பாருங்க" என்றேன். இனி நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பு வந்த பிறகு மறுபடி அளவெடுத்து வேறு கால். அதுவரை குளியலறைக்கு மருமகள் தோள்தான், திறந்த கதவுதான்.

டாக்டரம்மாவை மன்னித்தேன், ஆயிரம் பேரைப் பார்க்கிறவர். உடற்பயிற்சிப் பெண்ணை மன்னித்தேன், அழுதுவிட்டாள். மகனை மன்னித்தேன், பெற்ற குற்றம் என்னுடையது. மருமகளையும் மன்னித்தேன், என்னைக் குளிப்பாட்டுகிறவளோடு சண்டை போட்டால் சோப்பு கண்ணில்தான் போகும். உன்னைத்தான் முடியவில்லை. அந்த நாற்காலியை மூன்று மாடி சுமந்து, மூச்சு வாங்கி, என் கட்டிலில் கால்மணி நேரம் படுத்துக் கிடந்தவன் நீ. அதன் கனம் தெரிந்த ஒரே ஆள், வாயைத் திறக்கவில்லை. திறந்தாய், சிரிக்க.

புதுக் கால் மாட்டும் நாளில் நீ வரவேண்டாம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அதில் உனக்குப் பங்கு கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கை பழக்கத்தில் அந்தச் சிவப்பு நூலுக்குப் போனது. மூட்டை கட்டி வந்த நூல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போதுதான் வருகிறது. கட்டிலில் படுத்தபடியே நீ, "அக்கா, இது பழசைவிட ரொம்பக் கனம், எடை பார்க்கிற இடத்துல சொல்லிடு" என்றாய். "எனக்கா மறதி? நீ எந்த வயசுல என்ன திருடினேன்னு இப்பவும் வரிசையா சொல்லுவேன்டா" என்றேன். அப்படியும் நம்பாமல் ஞாபகத்துக்கு என்று நீதான் எழுந்து வந்து இந்த நூலைக் கட்டினாய். நான் சொல்லியிருப்பேன் என்றுதான் அன்றைக்குச் சிரித்திருக்கிறாய். ஆகவே புதுக் கால் மாட்டும் நாளில் கட்டாயம் வந்து சேர், முதல் அடிக்கு உன் கை வேண்டும். நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான், அது உன் அக்கா. ஆனால் வீட்டில் எல்லாரிடமும் அந்த ஆள் நீ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், அது நீயாகவே இருந்துவிட்டுப் போ.