ஒளியை முந்திய பனியன் கம்பெனி

ஒளியை முந்தும் வழியை மனிதகுலம் திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியின் இரண்டாவது மாடியில்தான் கண்டுபிடித்தது என்பதை வரலாறு ஒருநாள் தலைகுனிந்து ஒப்புக்கொள்ளும். அதுவரை அந்தப் பெருமையை நாம்தான் சுமக்க வேண்டும்.

முதலாளி சாமியப்பன் ஒரு காலத்தில் பனியன் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக்கொடுத்த 'அண்டக்காவலன்' படக்கதை, வளர்ந்து வளர்ந்து, இன்று இணையத்தில் ஒன்பதாம் பாகம் ஓடும் தொடர். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதன் நாயகர்கள் கம்பெனி டி-சர்ட்தான் போட்டிருப்பார்கள். அவர்களுடைய விண்கலம் 'மயில்'. அதன் மாதிரியைத் திருமுருகன்பூண்டியில் கருங்கல்லில் செதுக்கி வாங்கி மீட்டிங் ஹாலில் வைத்திருந்தார் முதலாளி. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினால் கொஞ்சம் நகரும்.

சிக்கல் வேகத்தில் வந்தது. முதல் பாகத்தில் கார்த்திகை நட்சத்திரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நாயகனுக்குத் தாடி நரைத்துவிட்டது. நான்காம் பாகத்தில் அங்கே ஒரு கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினார்கள். எட்டாம் பாகத்தில் போய்விட்டு வந்தபோது வைத்துவிட்டுப் போன டீ ஆறவில்லை. ரசிகர்கள் சிரித்தார்கள். கம்பெனி சிரிக்கவில்லை. 'ஒளிமிஞ்சு வேகச் சீர்மைக் குழு' ஒன்றை அமைத்தது.

தலைமைப் பொறுப்பு தரப்பிரிவு அனுப்ரியாவுக்கு. ஆயிரம் சட்டையும் ஒரே அளவில் வர வைப்பவளுக்கு ஒரு விண்கலம் எம்மாத்திரம்? செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு, சமீபத்தில்தான் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையோடு, எதையும் விளக்கிச் சொல்லிவிடும் ஆசையும் சேர, ஒரு பனியன் துணியும் பட்டனுமாகக் கூட்டத்துக்குப் போனாள்.

“ஆகாயமும் பின்னல் துணி மாதிரிதானுங்க,” என்று துணியை மேஜையில் விரித்து நடுவில் பட்டனை வைத்தாள். “ஒளியை விட வேகமா எதுவும் ஓட முடியாது. அதனால மயில் ஓடறதே இல்லீங்க. முன்னாடி இருக்கற ஆகாயத்தைச் சுருக்குது, பின்னாடி இருக்கறதை இழுத்து விடுது. பாருங்க, பட்டன் துணிமேல நகரவே இல்லை. ஓரம்தான் கிட்ட வந்துருச்சு.”

“அட!” என்றார் சாமியப்பன்.

“ஆனா இழுபட்ட துணியை உடனே வெட்டினா என்னாகும்?”

“தொவைச்சா சுருங்கிப் போயிருமுங்க,” என்றார் மேனேஜர் ரத்தினசாமி. திருப்பூரில் இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

“அதேதானுங்க. துணியைப் பிரிச்சுப் போட்டு ஒரு நாள் ஓய்வு குடுக்கறோமில்லீங்களா? அதே மாதிரி ஒவ்வொரு தாவலுக்கும் அப்புறம் ஆகாயத்துக்கும் ஒரு நாள் ஓய்வு. இந்த விதி மாறலைன்னா வேகமும் மாறாது.”

கதாசிரியர் தீனதயாளன் குறுக்கிட்டார். “ஓய்வு குடுக்காம மிஞ்சினா, மேடம்?”

“காலமே கலைஞ்சுருமுங்க. விளைவு முன்னாடி வரும், காரணம் பின்னாடி வரும். கன்னம் முதல்ல வீங்கிரும்; அப்புறந்தான் அறைய கை ஓங்குவாங்க.”

“நம்ம கம்பெனில அதெல்லாம் நடக்காதுங்க,” என்று சிரித்தார் ரத்தினசாமி.

விதி ஏகமனதாக நிறைவேறியது. போண்டா வந்தது. ஒன்பதாம் பாகத்தின் நிறைவுப் பகுதிக்காகத் தயாராகும் டி-சர்ட்டின் நெஞ்சில் 'ஓய்வே வேகம்' என்று அச்சிடவும் முடிவானது.

பிறகு நிறைவுப் பகுதியின் தேதியை முன்னால் இழுத்தார்கள். அதனால் நடுவிலிருந்த பகுதிகள் குறைந்து, கதையில் நாயகன் மனைவியைக் காப்பாற்ற ஒரே மூச்சில் இரண்டு முறை தாவ வேண்டியிருந்தது. கம்பெனியில் டி-சர்ட் துணியைச் சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டியிருந்தது. மறுபடியும் குழு கூடியது.

“முடியாதுங்கய்யா,” என்றாள் அனுப்ரியா. “ஓய்வு குடுக்காத துணியை நான் பாஸ் பண்ண மாட்டேன். மயிலும் தாவக் கூடாதுங்க.”

“அம்மிணி, விதி நல்ல விதிதான். ஆரு இல்லைன்னது?” என்றார் சாமியப்பன் கனிவாக. “அவசரமில்லாத நாளைக்கெல்லாம் அது அப்படியே இருக்கட்டும்.”

“சட்டை சுருங்கினா?”

“அதைப் பத்தாம் பாகத்துல சரி பண்ணிட்டேன் மேடம்,” என்றார் தீனதயாளன். “ஒளியை மிஞ்சினவங்களுக்கு உடம்பு கொஞ்சம் வளர்ந்துரும். பெட்டி மேலயே போட்டுரலாம்: 'உங்கள் சட்டை சுருங்கவில்லை; நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்கள்.'”

ஹாலில் ஒரு புனிதமான கைதட்டல். ரத்தினசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அனுப்ரியா மட்டும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து, படியிறங்கி, தன் இடத்துக்கு வந்தாள். கட்டிங் டேபிள்மேல் துணி இன்னும் ஆவி பறக்க முழு ரோலாகக் கிடந்தது. அவள் நாற்காலியில், செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். காலடியில் மோனிஷாவின் சாப்பாட்டுத் தூக்குப்போசி.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா. உக்காரச் சொன்னாங்க,” என்று எழப் பார்த்தாள் மோனிஷா.

பின்னாலேயே ரத்தினசாமி வந்து நின்றார். “தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. டி-சர்ட் அத்தனையும் சுருங்கிப் போனதுக்கு ஆராச்சும் பொறுப்பேத்துக்கோணுமில்லீங்களா? நீங்க மறுபடியும் செக்கிங் டேபிளுக்கே போயிருங்க.”

“துணி இன்னும் வெட்டவே இல்லீங்களே!”

அப்போதுதான் கட்டிங் மெஷின் உறுமத் தொடங்கியது.

ஒன்பது பாகங்களாக எழுத்தாளர்கள் தடுமாறிய வேகத்தை நிர்வாகம் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அங்கே பழி எப்போதும் தவறுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்.