எழுபதாவது வளைவில் ஒரு நீள ஹாரன்

இந்த நாட்டில் பார்லிமெண்டை இரண்டாவது கியரில் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் கொல்லிமலை ஜீப் டிரைவர்தான். பார்லிமெண்டு என்பது அவருடைய ஜீப்புக்கு ஊர் வைத்த பெயர். நாளடைவில் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் இருந்தது. அதைத் தேர்தல் அன்று மட்டும் வெளியே எடுப்பார்.

எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்துக் காரவள்ளி. சிவில் படித்துவிட்டு, மலைமேல் சாலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், பஸ்ஸைத் தவறவிடும் நாளெல்லாம் அந்த ஜீப்பில்தான் ஏறுவேன். ஏறினால் மட்டும் போதாது, சபை விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். மலைமேல் ஊர்த் தொகுப்பை நாடு என்பார்கள். வாழவந்தி நாட்டுக்காரர்கள் வலது பெஞ்சு, பைல் நாட்டுக்காரர்கள் இடது பெஞ்சு. நடுவில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் சுயேச்சை. நான் அடிவாரத்துக்காரி என்பதால் முன் சீட்டில் பார்வையாளர் மாடம். அங்கே பேசக் கூடாது.

பெஞ்சுகளுக்குள் சண்டை முற்றினால் பார்லிமெண்டு வண்டியை நடு ஏற்றத்தில் நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "சபை ஒத்திவைப்புங்க" என்பார். சமாதானம் ஆனால்தான் வண்டி நகரும். ஒருமுறை மிளகு விலைத் தகராறில் சபை அரை நாள் முடங்கியது. நான் அன்றைக்கு விடுப்பு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் வெகுநேரம் யோசித்தேன்.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு முழுவதும் அவர் நாக்கில் இருந்தது. பாதி உண்மை, மீதி ஜீப் சத்தத்தில் சரியாகக் கேட்காது. தொகுதியின் எல்லை மாறியது, பெயர் மாறியது, தலைமையிடமான ஊரும் மாறியது. அவர் மட்டும் எந்த மாற்றத்தையும் அங்கீகரிக்கவில்லை. "மலை எங்கயும் போகலைங்க. தொகுதிதான் நம்மளச் சுத்திச் சுத்தி நடக்குது" என்பார். கீழே லாரிப் பட்டறைகளும் கோழிப்பண்ணைகளும் பெரிய ஊர்களுமாகப் பரந்து கிடக்கும் அத்தனை நிலமும் அவர் கணக்கில் கொல்லிமலையின் அடிவாரம். அவ்வளவுதான்.

மக்கள் பிரதிநிதிகளை அவர் கட்சியை வைத்து அளக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளை வைத்து அளந்தார். எங்கள் மலைப்பாதையில் எழுபது வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஓட்டுக் கேட்க எல்லோரும் உச்சிவரை வருவார்கள், அது கணக்கில் சேராது. ஜெயித்த பிறகு எந்த வளைவுவரை வந்தார் என்பதே கேள்வி. ஒருவருக்குத் தலைசுற்றல் வந்து திரும்பிய இடம் வாந்தி வளைவு. இன்னொருவருக்குப் போட்ட மாலையைக் குரங்கு பிடுங்கிய இடம் மாலை வளைவு. வேறொருவர் போனில் சிக்னல் கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டாராம். அது ஹலோ வளைவு.

வளைவில் ஹாரன் அடிப்பது சாலை விதி. பார்லிமெண்டு அதற்குள்ளும் ஒரு மரியாதை வைத்திருந்தார். பாதியில் திரும்பியவர்கள் பெயர் கொண்ட வளைவில் ஒரு சின்ன 'பீப்'. நீள ஹாரன், ஜெயித்த பிறகு எழுபதும் தாண்டி அவருடைய ஊர்வரை வந்து போகிறவருக்கு. எழுபதாவது வளைவில் ஒருநாளும் நீள ஹாரன் கேட்டதில்லை.

"அந்த இடம் காலியாவே இருக்கட்டும் கண்ணு. இடைத்தேர்தல் ஏதாச்சும் வராமயா போகும்?" என்பார்.

இப்படி வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த சபைக்கு ஒரு தேர்தலுக்கு முன் சோதனை வந்தது. பைல் நாட்டில் அவருடைய சிற்றூரின் வாக்குச்சாவடியை எடுத்துவிட்டு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரோடு சேர்த்துவிடலாம் என்று யோசனை. வாக்காளர் குறைவு என்பது காரணம். காகிதத்தில் இரண்டு ஊரும் விரல் நீளத் தூரம். நடந்தால் ஒரு பள்ளம் இறங்கி, ஓடை தாண்டி, ஒரு மேடு ஏற வேண்டும். வயதானவர்கள் போக மாட்டார்கள். போக முடியாது.

பார்லிமெண்டு அன்று ஜீப்பில் எந்த விவாதத்தையும் அனுமதிக்கவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "டெல்லி எங்க ஊருக்கு வாரது அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான் சாமி, அந்த ஓட்டுப் பெட்டி ரூபத்துல. அதையும் வேண்டாங்கறாங்க."

நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வந்தார். கடலோரத் தொகுதிக்காரர். பள்ளிக் கட்டடத்தின் சாய்தளம், மின்சாரம், குடிநீர், பாதை ஆகியவற்றைச் சரிபார்க்க என்னையும் உடன் அனுப்பினார்கள். அலுவலக வண்டி பழுது. ஜீப் ஒன்று வாடகைக்கு வந்தது. எந்த ஜீப் என்று சொல்லவேண்டியதில்லை.

அதிகாரி ஏறும்போதே, "படகுலயே பிறந்து வளர்ந்தவன் நான். வளைவெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். பார்லிமெண்டு பணிவாகத் தலையாட்டினார். அந்தப் பணிவைப் பார்த்ததுமே நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி மலை தாண்டியதும் அதிகாரியின் முகம் பாசி நிறத்துக்கு வந்தது. ஒரு வளைவில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மீதியை வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், திரும்பிவிடுவோம் என்றார்.

பார்லிமெண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "திருப்பிரலாமுங்க, ஒண்ணும் சிரமமில்லை. உங்க பேரை மட்டும் ஒருக்காத் தெளிவாச் சொல்லிருங்க."

"பேர் எதுக்கு?"

"இந்த வளைவுக்கு இன்னும் பேர் வைக்கலீங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாந்தி வளைவு, மாலை வளைவு, ஹலோ வளைவு என்று வரிசையாக, எண்களோடு விளக்கினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி, "எடுங்க வண்டியை" என்றார்.

எழுபதும் முடிந்தது. ஜீப் போகாத கடைசித் தூரத்தை நடந்தோம். ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து முன் நின்றிருந்தது. கம்பு ஊன்றியவர்கள் முன்வரிசையில். யாரும் மனு கொடுக்கவில்லை. எல்லோர் கையிலும் வாக்காளர் அட்டை மட்டும் இருந்தது, தேர்தல் அன்றுபோல. அதிகாரி பள்ளத்தின் விளிம்புவரை போய், எதிர்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, தன் ஊரைப் பற்றிப் பேசினார். கரையிலிருந்து தள்ளி ஒரு தீவுத் திட்டு, கொஞ்சம் வீடுகள், தேர்தலுக்குத் தேர்தல் பெட்டி படகில் போகும். ஜெயித்தவர்கள் ஈர மணல்வரை வந்து, செருப்பு நனையாமல் கையசைத்துவிட்டுப் போவார்களாம்.

பார்லிமெண்டு அதைக் கேட்டுவிட்டு, "உங்க பெட்டி படகுல போவுதுங்க. எங்க பெட்டி ஜீப்புல வரட்டுமே" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, பாதையைப் பற்றி நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். பள்ளம், ஓடை, மேடு என்று மூன்று சொல் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

சாவடி அங்கேயே இருந்தது.

தேர்தலுக்கு முதல்நாள் வாக்குப் பெட்டியும் பார்லிமெண்டில்தான் ஏறியது. முன் சீட்டில் வாக்குச்சாவடி அலுவலர், மடியில் பெட்டி. அன்றைக்கு வண்டி இரண்டாவது கியரையும் தொடவில்லை என்று கேள்வி. அதிகாரி நின்ற வளைவில் மட்டும் நீள ஹாரன் அடித்தாராம். அவர் எதிலும் ஜெயிக்கவில்லையே என்று பின்படிச் சுயேச்சை ஒருவர் ஆட்சேபித்ததற்கு, "வவுத்த ஜெயிச்சாரில்ல" என்று தீர்ப்பு வந்தது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்லிமெண்டு ஜீப் ஓட்டுவதில்லை. கீழே டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் நாளில் என் காரில் ஏறிக்கொள்வார். முன் சீட்டு. பேசக் கூடாது என்ற விதியை அவர் ஏற்கவில்லை. போன வாரம் எழுபதாவது வளைவில் நான் நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, எனக்குத் தெரியாம யாராச்சும் ஊருவரைக்கும் வந்துட்டுப் போனாங்களா?"

"ஒருத்தர் தினமும் ஜீப்புல போய் வந்துட்டுதான் இருந்தாருங்க."

"எந்தக் கட்சி?"

"சுயேச்சைங்க."

"சபை ஒத்திவைப்பு கண்ணு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.