விழக் கற்றுக்கொண்ட தலகாணி

கீழே விழுவதற்கென்றே முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்ட மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அறுபதுகளில் அவர் நெய்வேலியில் என் எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு சிநேகிதரோடு ஒண்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் முன்னும் பின்னும் தலகாணி கட்டிக்கொண்டு திரிந்ததால், ஊருக்கே அவர் 'தலகாணி'.

மைன்ஸில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். பெர்மனன்ட் ஆவதற்கான மெடிக்கலில், "மூச்சு போதாது, காலில் பலமில்லை. ஆறு மாசம் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெர்மனன்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் குறிஞ்சிப்பாடியில் அப்பா வீட்டில் இருக்கும் மனைவி வருவாள். மனிதர் இடிந்துபோனார்.

அந்தச் சமயம் தன் நாட்டுக்குத் திரும்பிய ஜெர்மன் என்ஜினீயர் ஒருவர், சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"அவங்க ஊர்ல ஐஸ் மேல சுத்திச் சுத்தி ஆடுறாங்களாம் சார். மூச்சு நல்லா வருமாம், தொடை இரும்பாவுமாம். நமக்கு ஐஸ் எதுக்குங்க? சிமெண்டு ரோடு போதும்."

"கால் ஒடிஞ்சா உம்ம பெர்மனன்ட் என்னவே ஆகும்?" என்றேன். நான் திருநெல்வேலிக்காரன்.

"அதுக்குத்தான் மொதல்ல வுழக் கத்துக்கினு இருக்கேன். முட்டிய மடக்கணும், பக்கவாட்டுல சாயணும், கைய மட்டும் ஊனக் கூடாதுங்க. மணிக்கட்டு பூடும்."

ஒரு மாதம் ஷூவைத் தொடவே இல்லை. மணலில் விழுந்துகொண்டே இருந்தார். என் மனைவி கொடுத்த தலகாணிகளில் பஞ்சே மிஞ்சவில்லை. என்னையும் விழக் கூப்பிட்டார். "வேற சோலி இல்லையாவே?" என்று விரட்டினேன். பிறகு மைன்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டில் எட்டுப் போட ஆரம்பித்தார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டார்.

அத்தோடு நின்றிருக்கலாம். உபதேச ஆசை பிடித்துக்கொண்டது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ வழுக்கி விழ, "அப்படி இல்லீங்க, இப்படி" என்று தாமே விழுந்து காட்டினார். வலிப்பு என்று நினைத்த ஜனங்கள் முகத்தில் சோடாவை அடித்து, கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் செய்தி நெய்வேலிக்கு வந்துவிட்டது.

இரண்டாவது மெடிக்கலுக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"எல்லாம் பிரமாதம். ஆனா உனக்கு வலிப்பு வருதாமே? மெஷின் பக்கத்துல எப்படிப்பா விடுறது?"

"வலிப்பு இல்லீங்கய்யா. வேணும்னேதான் வுழுந்தேன்."

"வேணும்னே எவன்யா விழுவான்?" டாக்டர் பேனாவை மூடினார்.

தலகாணியின் முகம் செத்துவிட்டது. அங்கே விழுந்து காட்டினால் அதையும் வலிப்பு என்றுதான் எழுதுவார்கள். நானோ தொப்பை வைத்த ஹெட் கிளார்க். கட்டியிருந்தது சலவை வேட்டி.

"டாக்டர், எங்க பிளாக்ல எல்லாருக்கும் இவர் விழச் சொல்லிக் குடுத்திருக்கார்" என்று கூசாமல் புளுகிவிட்டு, முட்டியை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, ஃபினாயில் ஈரத்தில் தொப்பென்று விழுந்தேன்.

டாக்டர் சிரித்து முடிக்கவே வெகு நேரமாயிற்று. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். சில மாதத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து அந்தப் பெண் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

எனக்கு ஒரு வாரம் இடுப்பு வலி. கூடப் பிறந்த தம்பிக்காகக்கூட நான் அப்படி விழுந்திருக்க மாட்டேன்.