மூன்று நாள் விருந்தாளி

உலகத்துப் பிடிவாதம் முழுவதையும் கடவுள் பரமத்தி வேலூரில் ஒரே ஆளிடம் கொட்டிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன், அவருடைய அக்காவோடு பழகும் வரைக்கும்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்ததால் அவர் கொடிக்காலார். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் நாமக்கல்லில் வயோதிகர்களுக்கான ஒரு தர்ம சத்திரத்தில் நான் மணியம் பார்த்தேன். அவருடைய விதவை அக்கா அங்கேதான் இருந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆனால் அந்தத் தம்பியின் வீட்டில் போய்த் தங்கமாட்டார்.

"பொறந்த ஊட்டுக்கு நோம்பி பண்டிகைக்குப் போலாம் சாமி. போய் ஒண்டிக் கெடக்கக் கூடாது."

அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் ஓய்வதில்லை என்று கொடிக்காலாருக்குச் சபதம். வாராவாரம் ஒரு தந்திரத்தோடு வருவார்.

"நீங்க கை வெக்காம எருமை கறக்கமாட்டீங்குதுங்க்கா."

"அப்ப எருமைய இங்க ஓட்டியா."

மறுவாரம் என் ஆபீஸ் ஜன்னலில் எருமை கட்டியிருந்தது. அக்கா கறந்தார். சத்திரம் முழுக்கப் பாயசம். எருமையும் தம்பியும் வந்த வழியே திரும்பினார்கள்.

கடைசியில், தாம் சாகக் கிடப்பதாகவே பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிவிட்டார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சேதி சொன்னது ஆருங்க?"

"அவரேதானுங்க. பஸ் நிக்கிற எடத்துக்கு ஓடியாந்து சொன்னாருங்க."

"ஓடியாந்தானா? இன்னும் கொஞ்சம் ஓடி இங்கயே வரச் சொல்லுங்க."

வந்தார், பாயும் தலையணையுமாக. "நீங்க வரலீன்னா நான் இங்கயே இருக்கறனுங்க்கா!"

பார்க்க வரும் உறவினர் மூன்று நாள்தான் தங்கலாம் என்று சத்திரத்துச் சட்டத்தைச் சொன்னேன். "விருந்தும் மருந்தும் மூணு நாளுதானுங்களே" என்று உடனே ஒப்புக்கொண்டார். நாலாம் நாள் காலை பாயைச் சுருட்டிக்கொண்டு, "வாரனுங்க்கா" என்று கிளம்பினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மனுஷர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, அக்கா இருக்குதுங்களா?"

புது விருந்தாளி! சட்டத்தில் எங்கே தேடியும் இதைத் தடுக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால், நான் ரொம்பத் தேடவும் இல்லை.

அப்புறம் வருஷக்கணக்கில் இந்தக் கூத்துத்தான். கொடிக்காலை மகன் பார்த்துக்கொண்டான். "கிறுக்குப் பய" என்று அக்கா நாள் முழுக்கத் திட்டுவார். ஆனால் நாலாம் நாள் காலையில் தம்பி தெருமுனை திரும்புவதற்குள், விருந்தாளிக்குக் கொடுக்கத் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"வா சாமி. வெயில்ல வந்திருப்ப, தண்ணி குடி."

எனக்கு அக்கா கிடையாது. அந்தக் குறை ஒவ்வொரு நாலாம் நாள் காலையிலும் எனக்கு உறைக்கும்.