கொக்கு செய்த ஒட்டகம்

ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு கார்த்திகை முழுவதும் ஒட்டகமாக வாழ்ந்த மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர். கம்பத்துக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் மலை காவல் நிற்க, நடுவே மாதா கோயில் மணியடிக்கும் ஊர். அங்கே கோயில் பள்ளிக்கூடத்தில் நான் இளம் வாத்தியார். மலையுச்சியில் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கீழே இவர் களிமண்ணில் ஆடுமாடு செய்துகொண்டிருந்தார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது சாமியாருக்கே மறந்துபோயிற்று. ஊருக்கு அவர் கொக்கு. தொழில் சுவர் பூசுவது. உயிர், கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வைக்கும் குடில், யேசு பிறந்த தொழுவத்தின் பொம்மைக் காட்சி.

பெயர் வந்த கதை இது. ஒரு வருஷம் குடிலில் ஒரு குளமும் கொக்கும் வைக்க நினைத்தார். அதற்காகக் கண்மாயில் ஒற்றைக் காலில் நின்றார். காலையில் நின்றவர் மத்தியானமும் நின்றார். மீன்கள் முதலில் பயந்தன, பிறகு நம்பிவிட்டன. அவர் வெடுக்கென்று தலையைத் தண்ணீருக்குள் விட்டதைத் துணி துவைக்க வந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். மீன் கிடைத்ததா என்று கேட்டால், "அது எனக்கும் மீனுக்கும் உள்ள சங்கதி" என்பார்.

கோழி செய்த வருஷம் இன்னும் மோசம். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி சவரியம்மாள் பக்கத்தில் போனதும் சீறினார்.

"கிட்ட வராத. அடை காக்குறேன்."

"முட்டை எங்கன?"

"முட்டை கெடந்தா நெனப்பு முட்டை மேல போயிரும். சும்மா உக்காந்தாத்தேன் கோழி யாருன்னு தெரியும்."

சவரியம்மாள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து, "பா... பா..." என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வருஷம் கோயிலுக்குள் புகுந்த ஒரு பூனை மற்ற பொம்மைகளையெல்லாம் தாண்டிப்போய், மண் கோழியைக் கவ்விக்கொண்டு ஓடியது. எந்தச் சிற்பிக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் மண் கோழி வீட்டில் முட்டையிடுமா? அடுத்த வருஷம் குடில் வேலை தொடங்கும்போது சவரியம்மாளின் அண்ணன் இதைத்தான் கேட்டார். அவர் கங்காணி, மலைமேல் அணை வேலைக்கு ஆள் சேர்ப்பவர். மலையில் கூலி உண்டு. காய்ச்சலும் உண்டு. எங்கள் தெருவிலிருந்து போன ஒருவர் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் அந்த மலையை அண்ணாந்து பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கங்காணி மட்டும் அசரவில்லை.

"மாப்பிள்ளை, பூச்சு வேலைய விட்டுட்டுக் கோழியாட்டம் கூடையில உக்காந்தா எப்பிடி? தங்கச்சி அடுப்புல பூனை தூங்குது. பொங்கலுக்கு முன்னால எங்கூட மலைக்கு வாங்க. சுண்ணாம்பு சுமக்கலாம்."

சவரியம்மாள் குறுக்கே வந்தாள். "அண்ணே, இவுக காய்ச்சலையும் வெளையாடிப் பாத்துருவாக. செத்துப் பாக்கவும் யோசிக்க மாட்டாக."

அவள் அழுத அழுகையில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அந்த வருஷம் குடிலில் மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வரவேண்டும் என்று நாட்டாமை கேட்டிருந்தார். பக்கத்து ஊர்க் குடிலில் யானை வைத்துவிட்டார்கள். இனி ஒட்டகம் இல்லாமல் தலைநிமிர முடியாது. ஒட்டகம் நன்றாக அமைந்தால் கோயிலின் புது முகப்புப் பூச்சு வேலையும் கொக்குக்கே. ஒட்டகத்தை வந்து பார்த்துக் கங்காணிக்கும் திருப்தியானால் கொக்கு ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மலை.

எங்கள் பக்கத்தில் ஒட்டகத்தைப் பார்த்தவர் சாமியார் ஒருவரே. பிரெஞ்சுக்காரர். கப்பலில் வரும்போது ஏடன் துறைமுகத்தில் தூரத்தில் நின்றதைப் பார்த்தாராம். "கழுத்து நீளம். திமில் உண்டு. அசைபோடும். உலகத்தில் ஒருவரையும் மதிக்காத முகம்" என்றார்.

மறுநாளே கொக்கு முதுகில் வைக்கோல் மூட்டையைக் கட்டினார். வாயை இடமும் வலமும் அரைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, தெருவை இளக்காரமாகப் பார்த்தபடி நடந்தார். பிள்ளைகள் முறைபோட்டு ஏறிச் சவாரி செய்தார்கள். எதிரே நாட்டாமை வந்தார்.

"ஏலே, யாரப் பாத்து மொறைக்கிறே?"

"நான் மொறைக்கல நாட்டாமை. ஒட்டகம் மொறைக்குது."

"நான் நாட்டாமைன்னு அதுக்குச் சொல்லு."

"சொல்லிட்டேன். அது யாரையும் மதிக்காதாம்."

உடம்பு அமைந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. செய்வார், பார்ப்பார், நசுக்குவார். அவர் கையில் பிறந்த ஒட்டகமெல்லாம் விருந்தாளியைக் கண்ட மாதிரி சிரித்தது. திருநாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்கு எல்லாத்தையும் புடிச்சுப்போகுது வாத்தியாரே. அதேன் மூஞ்சி அமைய மாட்டேங்குது" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அந்தச் சமயத்தில் வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்கக் கங்காணி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கண் பாதி மூடி, கீழுதடு தொங்க, தாடை இடமும் வலமும் போய்வர, கூரையையும் ஆட்டையும் தங்கையையும் ஒரே மாதிரி பார்த்தார். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த கொக்கு அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், அசையாம இருங்க."

"என்னா மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு வெத்தலை போடுங்க."

உபசாரம் கங்காணிக்குப் பிடித்திருந்தது. வீட்டு வெற்றிலை முழுவதும் அவர் வாய்க்குள் போயிற்று. அவர் முகம் முழுவதும் களிமண்ணுக்குள் போயிற்று.

திருநாள் காலையில் மலையிலிருந்து இறங்கிய பனியோடு ஊரே கோயிலுக்கு வந்தது. திரை விலகியது. ஒட்டகத்தின் திமில், எங்கள் காளைகளுக்கு இருக்கிற மாதிரி, கழுத்தை ஒட்டி எழும்பி நின்றது. திமிலுக்கு வேறு இடம் உண்டென்று எங்களுக்கு யார் சொன்னது? பின்னால் உட்கார்ந்த ராஜா அதைச் சுற்றி எட்டிப்பார்த்துத்தான் பெத்லகேம் போகவேண்டியிருந்தது. பிற்பாடு மதுரையில் நிஜ ஒட்டகம் ஒன்றைப் பார்த்தேன். திமிலைத் தவறான இடத்தில் வைத்திருந்தது.

ஜனங்கள் முதலில் ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கங்காணியைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். சாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. சவரியம்மாள் ஜெபமாலையை நெரித்துக்கொண்டிருந்தாள். கொக்கு ஒருவர்தான் ஒன்றும் நடக்காததுபோல, தன் ஒட்டகத்தையே பார்த்து மெல்ல வாயை அரைத்துக்கொண்டிருந்தார். போச்சு, இந்த மனுஷன் மலைக்குப் போகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கங்காணி கிட்டே போனார். குனிந்தார். அவரும் ஒட்டகமும் ஒருவரையொருவர் மதிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்நாளில் எங்கள் ஊரில் கண்ணாடி என்றால் நாவிதர் பெட்டியில் இருந்த துண்டுதான். அதில் மீசை தெரிந்தால் கண் தெரியாது. கங்காணி தன் முகத்தைத் தவணை முறையில் மட்டுமே அறிந்தவர்.

"மாப்பிள்ளை..." என்றார் கடைசியில். ஒட்டகத்தின் தாடையைத் தடவினார். "என்னா ஒரு மூஞ்சி! நல்ல குடும்பத்து ஒட்டகம்."

நாட்டாமைப் பக்கம் திரும்பினார். "இவுகளுக்கு மலை தோதுப்படாது. இங்கனயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கங்காணி மலையிலிருந்து இறங்கி வந்தார். குழந்தை யேசுவுக்கு ஒரு கும்பிடு. ஒட்டகத்தின் முன்னால் வெகுநேரம். மற்றவர்களைப் பார்க்கிற பார்வையில்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. ஊரில் ஒருவரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

அணை வேலை முடிகிற தறுவாயில் ஒரு கார்த்திகையில் காய்ச்சல் கங்காணியைக் கொண்டுபோய்விட்டது.

அந்த வருஷத்துக் குடிலில் ஒட்டகத்தை வாசலில் காணோம். மாட்டையும் கழுதையையும் சற்றே தள்ளி வைத்து, தொழுவத்துக்குள்ளே, குழந்தைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியிருந்தார் கொக்கு. குனிந்து அதன் காலடியில் வைக்கோலைக் கூட்டி அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டகம் ராஜாக்களோடு வெளியேதானே நிற்கவேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"மலையில ரொம்பக் குளுரு வாத்தியாரே. மச்சான் உள்ளயே இருக்கட்டும்."