எட்டு வீட்டு நாற்காலி

வறுமையைப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன் நான். எம்.ஏ.வில் அந்தத் தாளில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். (அதுவரை எனக்கும் வறுமைக்கும் நேரடி அறிமுகம் கிடையாது. அப்பா தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்.) இப்படிப்பட்ட ஒருவனைத்தான் எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு சின்னச் சங்கம் கள ஆய்வாளராக வேலைக்கு வைத்துக்கொண்டது.

ஓ.டி. பஸ் ஸ்டாண்டு அருகே, சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் சங்கம். ஆவடி டாக்டர் ஒருவர் தலைவர். சம்பளத்துக்கு இருந்தது இரண்டே பேர்: நானும் முனுசாமியும். பக்கத்து ஊர்களில் இருந்த ஏழைக் குடும்பங்களைத் தேடி, பிழைப்புக்கு உதவும் ஒரு பொருளைச் சங்கம் கொடுக்கும். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தள்ளுவண்டி என்று வருடத்துக்கு ஒன்று. அந்த வருடம் தள்ளுவண்டி.

இருக்கிறவனுக்கே கொடுத்துவிடக் கூடாதே என்று நான் ஒரு படிவம் தயாரித்தேன். வீட்டில் நாற்காலி உண்டா, மின்விசிறி உண்டா, கப் அண்டு சாசர் உண்டா, இப்படிப் பத்துக் கேள்விகள். மூன்றுக்கு 'உண்டு' என்று வந்தால் அந்தக் குடும்பம் ஏழை இல்லை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு அதற்கு 'வசதிப் படிவம்' என்று பெயரும் வைத்தேன். பிறகு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டியிருந்த குடிசைத் தெருவுக்கு, வியாழக்கிழமை காலை ஆபீசர் வருகிறார் என்று முனுசாமியிடம் சொல்லி அனுப்பினேன். (ஆபீசர் என்பது நான்தான்.)

சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு போனேன். எட்டு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும், "செத்த நில்லு சார், ஊடு பெருக்கினு கீறேன்" என்று நிறுத்திவைத்தார்கள். நானும் வேப்பமரத்தடியில் நின்று முந்தைய வீட்டின் படிவத்தை எழுதி முடிப்பேன். உள்ளே போனால் மஞ்சள் ஒயர் பின்னிய நாற்காலி. மூலையில் பச்சை நிற டேபிள் ஃபேன். ரோஜாப்பூ போட்ட கப்பில் காப்பி. அடுத்த வீட்டிலும் மஞ்சள் நாற்காலி, பச்சை ஃபேன், ரோஜாப்பூ. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள் போலும், என்ன ஒற்றுமை என்று வியந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டாவது வீட்டிலிருந்து எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. தகரக் கூரையின் வெக்கை என்று முடிவு கட்டினேன். அது என்னுடைய சூடுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் வகுப்பு!

எட்டாவது வீடு தேசம்மாவுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவருக்குப் பிரஸ் மெஷினில் மூன்று விரல்கள் போய்விட்டிருந்தன. தேசம்மாதான் கூடையில் இட்லி வைத்துத் தலையில் சுமந்து எஸ்டேட் கேட்டுகளில் விற்றுக்கொண்டிருந்தார். கழுத்து வலியில் அதுவும் பாதி நாள் நின்றுபோனது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் விசிறினார். மூலையில் பச்சை ஃபேன் சும்மா இருந்தது. ஃபேன் இருக்கும்போதே கையாலும் விசிறுகிறாரே, என்ன உபசாரம் என்று நெகிழ்ந்து, 'மின்விசிறி: உண்டு' என்று எழுதினேன்.

"வண்டி வந்துச்சுனா கேட்டாண்டையே கடை போட்டுக்குவேன் சார். இல்லாங்காட்டி பொங்கல் கழிச்சு செங்கல் சூளைக்குத்தான் போவணும். அங்க போனா குடும்பத்தோட மண்ணு மிதிக்கணும். பொண்ணு இஸ்கோலு போவுது. அதான் பாக்கறேன்."

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். காப்பி வந்தது. அது எட்டாவது காப்பி. பாதி குடித்து, மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். தேசம்மா அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தள்ளுவண்டிகள் வேறு தெருவுக்குப் போயின.

பொங்கலுக்குப் பிறகு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஷாமியானா, மைக், நூறு நாற்காலி. (எல்லாம் வேறு வேறு நாற்காலிகள்.) ஏரிக்கரைத் தெரு வறுமையிலிருந்து மீண்டுவிட்டது என்று அறிக்கை வாசித்தேன். எட்டு வீட்டிலும் நாற்காலி, எட்டு வீட்டிலும் மின்விசிறி என்று நான் நிறுத்தியதும் கைதட்டல் எழுந்தது. டீ கொடுத்துக்கொண்டிருந்த முனுசாமி மட்டும் தட்டோடு நின்றுவிட்டார்.

"சார், ஒரு டவுட்டு. அந்த ஃபேன் ஓடுச்சா?"

"எந்த ஃபேன்?"

"பச்சை ஃபேன் சார். எட்டு ஊட்லயும் பாத்தேன்னு படிச்சியே."

அந்த நேரம் கரண்ட் இருந்திருக்காது என்று மைக்கிலேயே சொன்னேன்.

"அந்தத் தெருவுக்கு இன்னும் போஸ்ட்டே நடல சார். அது நம்ம ஊட்டு ஃபேன். மோட்டாரு காயில் எரிஞ்சு ரெண்டு வருசமாவுது. ஆபீசர் வராரு, கொஞ்சம் குடு அண்ணாத்தேன்னு கேட்டுச்சுங்கோ, குட்த்தேன். நாற்காலி சலூன்காரர் ஊட்டுது. பின்பக்கமா தூக்கினு தூக்கினு ஓடுனதுல அதுக்கு ஒரு காலே ஆடுது. அந்தாளு இன்னும் என்னிய திட்டினு கீறாரு."

ஷாமியானா அதிர்ந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மைக் முன்னால் எலி மாதிரி நின்றேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு முனுசாமி அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தேசம்மா ஊட்டைப் பூட்டிகினு சூளைக்குப் பூட்ச்சி சார். போன வாரமே."

டாக்டர் அன்றைக்கே ஒரு வண்டி செய்யச் சொன்னார். 'தேசம்மா டிபன் கடை' என்று அதன் மேல் எழுதவைத்தேன். சைக்கிள் கடை மாடிப்படியின் கீழே அது காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடி தாண்டி, பூந்தமல்லிக்கு மேற்கே சூளை சூளையாகத் தேடினேன். புகையும் செம்மண்ணுமாக எல்லா முகமும் ஒன்றுபோல் இருந்தது. மூன்றாவது ஞாயிறு, ஏரிக்கரைத் தெருவில் நான்காவது வீட்டு அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எனக்கு உட்கார ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

தேசம்மா எங்கே என்று கேட்டேன்.

"மேஸ்திரி ஆந்திரா பக்கம் இட்டுகினு பூட்டான் சார். எந்த ஊருன்னு தெரில." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "போற வரைக்கும் அதையே சொல்லினு இருந்துச்சு. சார் காப்பிய பாதில வச்சிட்டாரு, சக்கரை பத்தல போல கீது, அதான் வண்டி வரலன்னு."

காப்பி நன்றாக இருந்தது, சக்கரை சரியாக இருந்தது, தப்பெல்லாம் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பாதிதான் வந்தது. தேசம்மாவைப் பார்த்தால் சக்கரை சரியாக இருந்தது என்று கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். அஞ்சலை சரி என்றார். அது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

வண்டியை அடுத்த ஆடியில் வேறொருவருக்குக் கொடுத்தோம். பெயரின் மேல் நீலம் அடித்தார்கள். மழை பெய்து பெயிண்ட் உரியும்போதெல்லாம் எஸ்டேட் கேட்டில் 'தேசம்மா' எட்டிப்பார்ப்பார். அந்த வண்டியும் இப்போது இல்லை. இருந்தும், எனக்கு அறுபத்தெட்டு ஆன பிறகும், அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இட்லி விற்கிற பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன். தேசம்மாவுக்கு எழுபத்தைந்து ஆகியிருக்கும் என்பதை மறந்து, முப்பத்தைந்து வயது முகமாகத் தேடுகிறேன்.

ஃபேன் கதையை என் கல்யாணத்துக்கு வந்த முனுசாமி பந்தியிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் யாரைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொன்னாலும் என் மனைவி, "ஃபேன் ஓடுச்சா, பாத்தீங்களா?" என்பாள். மகளுக்கு வரன் பார்த்தபோது, பையன் தங்கமானவன் என்று நான் சொல்ல, மகளே அதைக் கேட்டாள்.

காப்பிக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த காப்பியை அடிவரை குடித்து, கப்பைக் கவிழ்த்துக்கூடக் காட்டிவிடுவேன் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "ஐயா குடிச்ச கப்பைக் கழுவ வேண்டாம்" என்று மனைவி கேலி செய்வாள். போன மாதம் சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான். குடித்து முடித்து, சக்கரை சரியாக இருக்கிறது, ரொம்பச் சரியாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கு நீரிழிவு வந்து பத்து வருடம் ஆகிறது. அந்தக் காப்பியில் அவர்கள் சக்கரையே போடவில்லை.